இரண்டு பட்டியலை ஒன்றாக இணைப்பது: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

நீடாமங்கலம் பக்கம் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். உறுப்பினர் பதிவேடு ஓர் எக்செல் கோப்பில் இருக்கிறது. யார் எத்தனை சிப்பம் (40 கிலோ மூட்டை) நெல் போட்டார், அதாவது விற்பனைக்குக் கொடுத்தார், என்பது இன்னொரு கோப்பில். சர்வே எண், பரப்பு எல்லாம் மூன்றாவதில். தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே தெரியாது. இவற்றை எக்செல்லுக்குள் இருக்கும் பவர் குவெரி என்ற பட்டியல் இணைக்கும் கருவியில் இணைக்க ஆரம்பித்தேன். அது பக்கத்து ஊர் நிறுவனங்களுக்கும் தெரிந்துபோய், சம்பா அறுவடை முடிந்ததும் போன் வர ஆரம்பித்துவிடும். ஆள்தான் மாறுகிறார், கேள்வி அதேதான். அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். உதாரணத்தில் வரும் ஆட்களும் எண்களும் நான் வைத்தவை.

பவர் குவெரிய தனியா காசு குடுத்து வாங்கணுமா சார்?

வேண்டாம். எக்செல் 2016 முதல் உள்ளேயே இருக்கிறது, 'டேட்டா' என்ற தாவலில் 'கெட் டேட்டா' என்று வரும். 2010, 2013 பதிப்புகளுக்கு இலவச இணைப்பாக வந்தது. மூலக் கோப்பை இது தொடாது. நீங்கள் செய்யும் ஒவ்வொரு வேலையையும் படிப்படியாக நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த மாதம் புதுக் கோப்பு வந்ததும் 'ரெஃப்ரெஷ்' அழுத்தினால் எல்லாவற்றையும் மறுபடி செய்து தரும்.

வி-லுக்அப் போட்டாலே வேலை முடியுதே, இது எதுக்கு?

வி-லுக்அப் என்பது ஓர் எண்ணை இன்னொரு பட்டியலில் தேடி அதற்கு எதிரே உள்ள விவரத்தை எடுத்துவரும் எக்செல் சூத்திரம். ஐம்பது பேர் பட்டியல், ஒரே ஒரு தடவை செய்கிற வேலை என்றால் அதுவே போதும். நானும் அதைத்தான் போடுவேன். ஆனால் அது முதலில் கண்ணில் படும் வரிசையோடு நின்றுவிடும். ஒருவர் குறுவையிலும் நெல் போட்டு, தாளடியிலும் போட்டிருந்தால் குறுவைக் கணக்கு மட்டும்தான் உங்களுக்கு வரும். விட்டுப்போனதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்று: கடைசியில் 'சரியாகப் பொருந்த வேண்டும்' என்று குறிக்காமல் விட்டால், அது கிட்டத்தட்டப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும். அப்படி ஒருமுறை ஒரு பெரியவரின் விதைக் கடன் பாக்கி பக்கத்து வரிசைக்காரர் தலையில் ஏறிவிட்டது. அவர் நேரில் வந்து நின்ற பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அப்பெண்ட், மெர்ஜ்னு ரெண்டு இருக்கே. எதை அழுத்தணும்?

குறுவைப் பட்டியலுக்குக் கீழே சம்பா பட்டியலைத் தொடர்ந்து வைப்பது அப்பெண்ட். வரிசை (குறுக்கே ஓடுவது) கூடும், பத்தி (மேலிருந்து கீழே ஓடுவது) கூடாது. உறுப்பினர் விவரத்துக்குப் பக்கத்தில் அவர் போட்ட நெல்லைக் கொண்டுவந்து ஒட்டுவது மெர்ஜ். இங்கே பேசப்போவது முழுக்க மெர்ஜ் பற்றித்தான்.

எதை வச்சு இணைக்கிறது? பேரு போதாதா?

போதாது. நம் ஊரில் ஒரே ஆள் 'கோ. முருகேசன்', 'முருகேசன் கோ', 'முருகேசன் த/பெ கோவிந்தசாமி' என்று மூன்று விதமாக இருப்பார். அதே ஊரில் இன்னொரு கோ. முருகேசனும் இருப்பார். நிறுவனம் கொடுத்த உறுப்பினர் எண் இருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். ஆதார் எண்ணை வைத்து இணைக்கலாமே என்று நிறைய பேர் கேட்கிறார்கள். அந்தக் கோப்பு வாட்ஸ்அப்பில் எத்தனை பேரிடம் போகும் என்று யோசித்துப் பாருங்கள். நான் அந்தப் பத்தியையே வைத்துக்கொள்வதில்லை.

நிலத்தை வைத்து இணைப்பதானால் சர்வே எண் மட்டும் போதாது. 112/2 என்ற எண் பல வருவாய் கிராமங்களில் இருக்கும். கிராமம், புல எண் (இங்கே 112), உட்பிரிவு (இங்கே 2) மூன்றும் சேர்ந்தால்தான் அது ஒரு வயல். கிராமப் பெயரோடு வட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குருபகவான் கோயில் இருக்கும் ஆலங்குடி வலங்கைமான் வட்டத்தில் இருக்கிறது, புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி என்று ஒரு வட்டமே இருக்கிறது. மெர்ஜ் திரையில் கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி பல பத்திகளைத் தேர்வு செய்யலாம். இரண்டு பக்கமும் ஒரே வரிசைமுறையில் தேர்வு செய்ய வேண்டும். பத்தித் தலைப்பில் 1, 2, 3 என்று சின்னதாக எண் விழும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறு வகை ஜாயின் காட்டுது. பார்த்தாலே தலை சுத்துது அக்கா.

இணைத்த பிறகு எந்தெந்த வரிசைகளை வைத்துக்கொள்வது என்பதுதான் ஜாயின். ஓர் உதாரணத்தில் முடித்துவிடலாம். இடது பக்கம் 400 உறுப்பினர். வலது பக்கம் நெல் போட்டவர்கள், ஆளுக்கு ஒரு வரிசை. 310 உறுப்பினர்கள் நெல் போட்டிருக்கிறார்கள். உறுப்பினர் இல்லாத 25 பேரும் போட்டிருக்கிறார்கள். லெஃப்ட் அவுட்டர் போட்டால் 400 பேரும் வருவார்கள், நெல் போடாதவருக்கு அந்த இடம் காலியாக இருக்கும். ரைட் அவுட்டர் என்றால் நெல் போட்ட எல்லோரும், 335. இன்னர் என்றால் இரண்டு பக்கமும் இருப்பவர்கள் மட்டும், 310. ஃபுல் அவுட்டர் என்றால் இரண்டு பக்கத்திலும் உள்ள எல்லோரும், 425. லெஃப்ட் ஆன்டி என்பது நெல் போடாத 90 உறுப்பினர்கள். ரைட் ஆன்டி என்பது அந்த 25 பேர்.

எல்லோரும் இன்னரில் ஆரம்பிக்கிறார்கள். பட்டியல் சுத்தமாக வருவதால் மனதுக்கு நிம்மதி. நான் ஆன்டி இரண்டையும்தான் முதலில் போடுவேன். அந்த 90 பேர் உண்மையிலேயே நெல் போடவில்லையா, அல்லது எண் தப்பாக எழுதப்பட்டதால் சேரவில்லையா? 25 பேர் வெளியாட்களா, நம் ஆட்களேதானா? சேராத வரிசைகளைப் பார்க்காமல் சேர்ந்த வரிசைகளை நம்பக் கூடாது. கீழே வரும் முக்கால்வாசிப் பதில்கள் இந்த இரண்டு பட்டியலில் இருந்து வந்தவைதான்.

இணைச்ச பிறகு எல்லா வரிசையிலும் 'டேபிள்'னு மட்டும் இருக்கு. என் எண்ணெல்லாம் எங்க போச்சு?

உள்ளேதான் இருக்கிறது. அந்தப் பத்தியின் தலைப்பில் இரண்டு பக்கம் பிரியும் அம்புக்குறி இருக்கும். அதை அழுத்தி வேண்டிய பத்திகளை மட்டும் டிக் செய்யுங்கள்.

ஒரே எண்தான் ரெண்டு பக்கமும் இருக்கு, கண்ணால பார்க்கிறேன். ஆனா சேர மாட்டேங்குது!

கண்ணை நம்பாதீர்கள். ஒரு பக்கம் அது எண்ணாகவும் மறுபக்கம் எழுத்தாகவும் இருக்கலாம். எண் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம். இணைக்கும் பத்தி இரண்டையும் 'டெக்ஸ்ட்' ஆக்கிவிடுங்கள். வங்கிக் கணக்கு எண்ணை எண்ணாக வைத்தால் முன்னால் இருக்கும் பூஜ்யம் போய்விடும். எக்செல் 15 இலக்கம் வரைதான் சரியாக வைத்திருக்கும், 16ஆவது இலக்கத்தில் இருந்து பூஜ்யமாக்கிவிடும். ஆங்கிலப் பெயர் என்றால் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசமும் பவர் குவெரிக்கு வேறு வேறுதான். பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் இடைவெளியை 'ட்ரிம்' எடுக்கும். ஆனால் பெயருக்கு நடுவில் இரண்டு இடைவெளி இருந்தால் பவர் குவெரியின் ட்ரிம் அதைத் தொடாது. எக்செல் தாளில் போடும் ட்ரிம்தான் அதைச் சரிசெய்யும்.

அப்புறம் நம் ஊருக்கே உரிய தொல்லை ஒன்று. சர்வே எண் 12/3 என்று எக்செல்லில் தட்டினால் அது தேதியாக மாறிவிடும். 112/3 தப்பித்துவிடும், 112ஆம் தேதி என்று ஒன்று கிடையாதே. ஒரே பத்தியில் பாதி தேதி, பாதி சர்வே எண் என்று ஆகிவிடும். மாறிய பிறகு திருத்துவது கஷ்டம். தட்டுவதற்கு முன்பே பத்தியை டெக்ஸ்ட் ஆக்கிவிட வேண்டும். இல்லையென்றால் புல எண்ணுக்கு ஒரு பத்தி, உட்பிரிவுக்கு ஒரு பத்தி. நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன்.

தமிழ்ப் பேரு, அச்சு அசலா ஒன்னுதான். டெக்ஸ்ட்டும் ஆக்கிட்டேன். இன்னும் சேரலையே?

இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. 'கொல்லுமாங்குடி' என்று எழுதும்போது முதல் எழுத்தின் ஒகரக் குறியை யுனிகோடில் (கணினி எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியீட்டில்) இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒற்றைக் குறியாக வைக்கலாம், அல்லது முன்னால் வரும் கொம்பையும் பின்னால் வரும் காலையும் தனித்தனி எழுத்தாக வைக்கலாம். திரையில் இரண்டும் 'கொ' என்றுதான் தெரியும். கணினிக்கு ஒன்று ஓர் எழுத்து கூடுதல். கொரடாச்சேரி, கோட்டூர், கோவிந்தசாமி எல்லாருக்கும் இதே கதைதான். 'ஸ்ரீ'யிலும் இப்படி இரண்டு வகை உண்டு. 'கௌரி'யில் ஔகாரக் குறிக்குப் பதிலாக 'ள' தட்டிவிடுகிறார்கள், 'கெளரி' என்று அதே மாதிரியே தெரியும்.

'ரீப்ளேஸ் வேல்யூஸ்' போட்டு இரண்டு துண்டாக இருப்பதை ஒற்றைக் குறியாக மாற்றுங்கள். மூலப் பத்தியில் கை வைக்காமல், நகல் பத்தி ஒன்றை உருவாக்கி அதில் செய்து, அதை வைத்து இணைப்பது நல்லது. பழைய கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் கொட்டிக் கிடக்கின்றனவா? அது பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் தட்டியது. முதலில் யுனிகோடுக்கு மாற்றிக்கொண்டு வாருங்கள், அதற்குமுன் எந்த ஜாயினும் வேலைக்கு ஆகாது.

இங்கிலீஷ்ல எழுதின பேரு இன்னும் மோசம். ஃபஸி மேட்ச் போட்டுடலாமா?

கோவிந்தசாமியின் மகனுக்கு முன்னெழுத்து கே-யா, ஜி-யா? பள்ளிச் சான்றிதழில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் இன்னொன்று. ஊர்ப் பெயரும் அப்படித்தான், திருவாரூருக்கு 'டி'க்குப் பின் 'எச்' உண்டா இல்லையா என்பதற்கு முடிவே கிடையாது. 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அரசாணை வந்தது, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. அந்த நாட்களில் தட்டிய பட்டியல் எதுவும் உங்களிடம் இல்லை என்றால் அதிர்ஷ்டம்தான்.

கிட்டத்தட்ட ஒத்திருக்கும் பெயர்களைச் சேர்த்துக் காட்டுவதுதான் ஃபஸி மேட்ச். அது உதவும், ஆனால் யோசனை சொல்கிற ஆளாக மட்டும். எவ்வளவு ஒத்திருந்தால் போதும் என்பதை 0 முதல் 1 வரை கேட்கும். ஒன்றும் சொல்லாவிட்டால் 0.8 என்று எடுத்துக்கொள்ளும். நம் பெயர்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமானவை. செல்வம், செல்வன், செல்வி மூவரும் மூன்று ஆட்கள் என்று அதற்குத் தெரியாது. நான் ஃபஸியில் இணைத்து, வந்த ஜோடிகளை அச்செடுத்து, ஊர்க்காரர் ஒருவரோடு உட்கார்ந்து டிக் அடிப்பேன். டிக் விழுந்தவற்றைத் தனிப் பட்டியலாக வைத்துக்கொண்டால் அடுத்த வருடம் ஃபஸியே தேவைப்படாது. பணம் போகிற கணக்கில் ஃபஸியை நேரடியாகப் போடாதீர்கள்.

ஒருத்தர் மாயவரம்ங்கிறார், ஒருத்தர் மயிலாடுதுறைங்கிறார். பழைய பட்டியல்ல நாகை மாவட்டம்னு இருக்கு. என்ன பண்றது?

பெயர்ப் பிரச்சினை சுலபம். இரண்டு பத்தி கொண்ட சின்னப் பட்டியல் ஒன்று செய்யுங்கள்: இடப்பக்கம் மாயவரம், குடந்தை, மன்னை, நாகை. வலப்பக்கம் மயிலாடுதுறை, கும்பகோணம், மன்னார்குடி, நாகப்பட்டினம். முதலில் அதோடு ஒரு மெர்ஜ், அப்புறம் உங்கள் மெர்ஜ்.

மாவட்டம் அப்படி இல்லை, எல்லையே மாறியிருக்கிறது. ஒன்றாக இருந்த தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்து 1991இல் நாகப்பட்டினம் பிரிந்தது. 1997இல் திருவாரூர் வந்தது. 2020இல் நாகையில் இருந்து மயிலாடுதுறை பிரிந்தது. 2015இன் 'நாகை' நெல் பரப்பையும் 2023இன் 'நாகை' நெல் பரப்பையும் மாவட்டப் பெயரை வைத்து இணைத்தால், சீர்காழியும் குத்தாலமும் தரங்கம்பாடியும் மயிலாடுதுறையும் கழன்று போயிருக்கும். நெல் பரப்பு சரிந்துவிட்டது என்று பதறி எழுதப்பட்ட ஓர் அறிக்கையைப் பார்த்தேன், காரணம் இதுதான். வட்டவாரியாக இணையுங்கள். வட்டத்துக்கு எதிரே இன்றைய மாவட்டத்தை எழுதிய பட்டியலை வைத்து, பழைய வருடங்களையும் இன்றைய மாவட்டத்துக்குக் கூட்டுங்கள். வட்டமும் பிரிகிற ஒன்றுதான் என்பதால், ஒவ்வொரு வட்டத்தின் வருவாய் கிராமங்களையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

இணைச்ச பிறகு மொத்த ஏக்கர் ரெண்டு மடங்கு ஆயிடுச்சு. நிலம் வளருமா சார்?

இந்தக் கேள்விக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம். ஒரு உறுப்பினருக்கு மூன்று வயல்: 0.66, 1.00, 0.99 ஏக்கர். மொத்தம் 2.65. அவர் இரண்டு தடவை நெல் போட்டார்: 60 சிப்பம், 45 சிப்பம். மொத்தம் 105. நிலப் பட்டியலையும் நெல் பட்டியலையும் உறுப்பினர் எண்ணை வைத்து இணைத்தால், ஒவ்வொரு வயலும் ஒவ்வொரு விற்பனையோடும் சேரும். மூன்றும் இரண்டும் பெருகி ஆறு வரிசை. ஏக்கரைக் கூட்டினால் 5.30, சிப்பத்தைக் கூட்டினால் 315. பவர் குவெரி தப்பு செய்யவில்லை, கேட்டதைக் கொடுத்திருக்கிறது. எந்த வயலில் விளைந்தது எந்த லோடில் போனது என்று இரண்டு பட்டியலிலும் இல்லை. இல்லாததை இணைப்பு கொண்டுவராது.

இணைப்பதற்கு முன்பே 'குரூப் பை' போட்டு நிலப் பட்டியலை ஆளுக்கு ஒரு வரிசை ஆக்குங்கள், நெல் பட்டியலையும் அப்படியே. பிறகு இணைத்தால் 2.65 ஏக்கர், 105 சிப்பம், ஒரே வரிசை. சிப்பம் 40 கிலோ, ஆகவே 4,200 கிலோ. குறைந்தது ஒரு பக்கத்திலாவது இணைக்கும் எண் ஒருமுறைதான் வர வேண்டும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நானும் இதில் விழுந்திருக்கிறேன். பெருகிய ஏக்கரை வைத்து ஏக்கருக்கு இத்தனை கிலோ என்று விதைத் தேவையைப் போட்டு அனுப்பிவிட்டேன். 'உங்க ஊர் முழுக்கவே அவ்வளவு நிலம் இல்லையேம்மா' என்று திரும்பி வந்தது.

போன் நம்பர் இல்லாதவங்க எல்லாரும் ஒருத்தரோட ஒருத்தர் சேர்ந்துட்டாங்க!

பவர் குவெரியில் காலி இடமும் காலி இடமும் சமம். இடப்பக்கம் 30 பேருக்கு எண் காலி, வலப்பக்கம் 40 பேருக்குக் காலி என்றால், முந்தைய பதிலில் சொன்ன அதே பெருக்கல்: 1,200 வரிசை. எஸ்.க்யூ.எல். தரவுத்தளங்களில் வழக்கமான ஜாயின் அப்படிச் சேர்க்காது. அங்கே இருந்து வருகிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். இணைக்கும் பத்தி காலியாக உள்ள வரிசைகளை முதலில் வடிகட்டித் தனியே வையுங்கள்.

மேட்டூர் கணக்கையும் கல்லணைக் கணக்கையும் தேதி வச்சு இணைச்சேன். பொருந்தவே இல்ல.

தண்ணீர் நடந்து வர வேண்டாமா? மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் ஆகும். வழக்கமான திறப்பு நாள் ஜூன் 12. 2022இல் மே 24 அன்றே மேட்டூர் திறந்தது, கல்லணை மே 27இல் திறந்தது. மேட்டூர்ப் பட்டியலில் தேதியோடு மூன்று நாளைக் கூட்டி ஒரு புதுப் பத்தி போட்டு, அதைக் கல்லணைத் தேதியோடு இணையுங்கள். மூன்றா நான்கா என்பது ஆற்றின் நிலையைப் பொறுத்தது, இரண்டையும் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் டி.எம்.சி., மறுபக்கம் கன அடி என்று இருந்தால்: ஒரு டி.எம்.சி. (நூறு கோடி கன அடி) என்பது வினாடிக்கு ஏறத்தாழ 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடும் தண்ணீர்.

மழையிலும் இதே மாதிரி ஒன்று இருக்கிறது. வானிலைத் துறையின் தினசரி மழையளவு காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரத்துக்கானது. 10ஆம் தேதி என்று பதிவான மழையில் பெரும்பகுதி 9ஆம் தேதி பெய்தது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் ஏறிய நாளோடு மழையை இணைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதற்கும் முன்னால், 05/06 என்பது ஜூன் 5 ஆ, மே 6 ஆ என்று கணினி என்ன நினைத்திருக்கிறது என்று பாருங்கள். டைப் மாற்றும்போது 'யூசிங் லோக்கேல்' என்பதில் இந்தியாவைத் தேர்வு செய்தால் சரியாகிவிடும்.

ஒருத்தர் மா கணக்குல எழுதறார், ஒருத்தர் ஏக்கர், ஆபீஸ்ல ஹெக்டேர். அப்படியே இணைக்கலாமா?

இணையும், எண்ணுக்குத்தான் அர்த்தம் இருக்காது. 100 குழி ஒரு மா, ஏறத்தாழ 33 சென்ட். 20 மா ஒரு வேலி, ஏறத்தாழ 6.6 ஏக்கர். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். இணைப்பதற்கு முன் ஏதாவது ஒன்றுக்கு மாற்றுங்கள். 'மூட்டை' என்று மட்டும் எழுதிய பட்டியல் வந்தால் எத்தனை கிலோ மூட்டை என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

குத்தகைக்காரர் பேரு பட்டாவிலேயே இல்லையே. எப்படி இணைக்கிறது?

டெல்டாவில் இது பாதிக் கதை. கோயில் நிலம், மடத்து நிலம், வெளியூரில் இருப்பவர் நிலம் என்று சாகுபடி செய்பவர் ஒருவர், பட்டாதாரர் வேறொருவர். சிட்டா உரிமையாளர் பெயரில் இருக்கும். அதோடு பெயர் வைத்து இணைத்தால் ஒரு கோயில் பெயருக்கு நேரே யாரும் வர மாட்டார்கள், நாற்பது குடும்பம் லெஃப்ட் ஆன்டியில் போய் உட்கார்ந்திருக்கும். வயல்வாரியாக யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்பது அடங்கல் என்ற கிராமக் கணக்கில்தான் வரும். ஆகவே பெயரை விட்டுவிட்டு, நான்காவது கேள்வியில் சொன்னபடி கிராமம், புல எண், உட்பிரிவு வைத்து அடங்கலோடு இணையுங்கள். வாய்மொழிக் குத்தகை அடங்கலிலும் ஏறியிருக்காது. அதற்கு கிராம நிர்வாக அலுவலரின் சாகுபடிச் சான்றைப் பார்த்துக் கையால் சேர்ப்பதுதான் வழி.

போன மாசம் நல்லா ஓடுச்சு. இப்ப ரெஃப்ரெஷ் பண்ணா எரர்.

பத்துக்கு ஒன்பது தடவை, யாரோ பத்தித் தலைப்பை மாற்றியிருப்பார்கள். 'உறுப்பினர் எண்' என்பது 'உறுப்பினர் எண்.' என்று ஆகியிருக்கும், ஒரு புள்ளி போதும். அல்லது கோப்பை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தியிருப்பார்கள்.

சரியா இணைஞ்சிருக்குன்னு எப்படி நம்புறது?

மெர்ஜ் திரையின் அடியிலேயே எத்தனை வரிசைக்கு எத்தனை பொருந்துகிறது என்று ஒரு வரி வரும், பெரும்பாலோர் அதைப் படிப்பதே இல்லை. இணைப்பதற்கு முன்னும் பின்னும் வரிசை எண்ணிக்கையையும் மொத்தச் சிப்பத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். லெஃப்ட் அவுட்டரில் வரிசை கூடியிருந்தால் ஏக்கர் கேள்விக்குத் திரும்பிப் போங்கள். சிப்பம் குறைந்திருந்தால் ரைட் ஆன்டியில் தேடுங்கள். பிறகு ஐந்து பேரைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, ரசீதோடு ஒப்பிடுங்கள்.

ரைட் ஆன்டியில் மிஞ்சும் பெயர்களை நான் அச்செடுத்து மாதக் கூட்டத்துக்குக் கொண்டுபோய் வாசிப்பேன். போன தடவை மிஞ்சியவர்களில் பாதிப் பேர் வெளியாட்களே இல்லை. பட்டா அம்மா பெயரில், உறுப்பினர் மகன், நெல் போட்டது அப்பா. அன்றே பதிவேட்டில் 'குடும்ப எண்' என்று ஒரு பத்தி சேர்த்தோம். அடுத்த அறுவடைக்கு அதை வைத்துத்தான் இணைக்கப் போகிறேன்.